காம்பை நீயே செதுக்கிப் போடு

அன்புள்ள கண்ணுவுக்கு,

கொட்டகையில் கிடந்த மூன்று கோடாலித் தலைகளையும் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். எதையும் கிரைண்டர் (மின்சாரச் சாணை) வைத்திருப்பவனிடம் கொடுத்துவிடாதே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். எத்தனை வருடம் துருவோடு கிடந்தாலும் பழைய இரும்பு உள்ளுக்குள் பெரும்பாலும் நல்லபடியாகவே இருக்கும். அதைக் கெடுக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. மெனக்கெட வேண்டியது காம்பில்.

இருபுறமும் வாய் உள்ளதை எடுத்து ஓரமாக வை. அதற்கு வளைவில்லாத நேர்க்காம்பு வேண்டும். ஓங்கும்போது ஒரு வாய் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். பழகுகிறவளுக்கு அது வேண்டாம். பெரியதன் பின்மண்டை தட்டையாகி உதடு விரிந்திருக்கிறது. யாரோ அதைச் சம்மட்டியாக்கி இரும்பு ஆப்பு அடித்திருக்கிறார்கள். கோடாலியில் வாயை மட்டும்தான் பதம் போட்டுக் கெட்டியாக்குவார்கள், பின்மண்டை மெத்து இரும்பு. அதில் அடி விழுந்தால் காம்பு நுழைகிற கண்ணும் உப்பும், மூலையில் விரிசல் விடும். கண்ணைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸைப் பொடித்துப் பூசிப் பார். விரிசல் இருந்தால் எண்ணெய் ஊறிக் கோடாகத் தெரியும். தெரிந்தால் அந்தத் தலை சுவரில் மாட்டத்தான் ஆகும். விரிசல் விட்ட கண்ணைப் பற்றவைத்து ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

மீதி இருப்பது சின்னது. ‘ஓக்லண்ட், மெய்ன்’ என்று பொறிப்பு மங்கலாகத் தெரிகிறதே, அதுதான் உனக்கு. 19ஆம் நூற்றாண்டில் உங்கள் மெய்ன் மாநிலத்து அந்த ஊர் கோடாலிக்கும் நெடும்புல் அரிவாளுக்கும் பேர்போனது. எமர்சன் அண்ட் ஸ்டீவன்ஸ் பட்டறை அங்கேதான் இருந்தது, 1960களில் மூடிவிட்டார்கள். நீ சொன்ன அளவை வைத்துப் பார்த்தால் தலை இரண்டேகால் பவுண்டுக்குப் பக்கத்தில் வரும். உன் உயரத்துக்கு 28 அங்குலக் காம்பு சரியாக இருக்கும்.

உள்ளே ஒடிந்து நிற்கும் பழைய காம்பை நெருப்பில் போட்டு எரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. வாயின் பதம் 200 முதல் 250 டிகிரி செல்சியஸுக்குள் போட்டது. அதைத் தாண்டிச் சூடேறினால் இரும்பு இளகிப்போகும், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. தலைக்குக் கீழே மரத்தை ரம்பத்தால் ஒட்ட அறுத்துவிட்டு, கால் அங்குலத் துளையாணியால் கண்ணுக்குள் இருக்கும் மரத்தில் நெருக்கமாகத் துளை போடு. பழைய இரும்பு ஆப்பு உள்ளே இருக்கும், துளையாணி அதில் முட்டினால் இடத்தை மாற்றிக்கொள். பிறகு தலையை இரண்டு கட்டைமேல் வைத்து, கீழ்ப்பக்கமிருந்து மேல்நோக்கித் தட்டு. இந்தக் கண் நம்மூர்ப் பிக்காசுக் கண் போல் இல்லை. பிக்காசில் காம்பை மேலிருந்து சொருகுவோம், தடித்த நுனி தானே பிடித்துக்கொள்ளும், ஆப்பே வேண்டாம். இதில் கண் நடுவே குறுகி மேலே அகலும். காம்பு கீழிருந்து நுழையும்; மேலே ஆப்பு அடித்து விரிக்கும்போதுதான் பிடிப்பு வரும். அதனால் வெளியேற்றுவதும் மேல்வழியாகத்தான்.

துருவுக்குக் கடையில் விற்கும் 5 சதவீத வெள்ளை வினிகர் போதும். பிளாஸ்டிக் வாளியில் தலை முழுக்க மூழ்கட்டும். 12 மணி நேரத்தில் எடுத்துக் கம்பிப் பிரஷால் தேய்த்துப் பார், துரு மிச்சம் இருந்தால் இன்னொரு 12 மணி நேரம். அதற்குமேல் விட்டால் வினிகர் நல்ல இரும்பையே அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும், பொறிப்பும் மங்கும். எடுத்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் பூசு. அரை மணி நேரம் ஈரமாக விட்டாலும் செம்மஞ்சள் துரு மறுபடி பூத்துவிடும். படத்தில் தெரியும் நீலப் பெயின்ட்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஈரமாக வைத்தே சுரண்டி, துணியைப் பையில் கட்டி எறி.

வினிகரிலிருந்து எடுக்கும்போது வாயை ஒட்டி ஒரு பட்டை மட்டும் வேறு சாம்பல் நிறத்தில் தெரிகிறதா பார். பதம் போட்ட எஃகு அதுதான். அந்தப் பட்டை அரை அங்குலத்துக்குமேல் மிச்சமிருந்தால் உன் காலம் முழுக்க வரும். தீட்டித் தீட்டி அது தேய்ந்துபோயிருந்தால் காம்பு செதுக்கும் உழைப்பு அதற்குத் தகாது. எனக்கு ஒரு வரி எழுது.

தலையைக் கண்ணாடியாகப் பளபளக்க வைப்பதும் சிவப்புப் பெயின்ட் அடிப்பதும் விற்பவர்கள் வேலை. கறுத்த நிறம் அப்படியே இருக்கட்டும், அது துருவை ஓரளவு தடுக்கவும் செய்யும்.

வாய்க்கு 10 அங்குலத் தட்டை அரம் ஒன்றும், ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கும் சாணைக்கல்லும் போதும். தோல் கையுறை போட்டுக்கொண்டு, தலையை வைஸில் இறுக்கி, அரத்தை வாய்க்கு எதிராகத் தள்ளு. திரும்பும்போது தூக்கிவிடு, இழுத்தால் அரத்தின் பல் போய்விடும். அரம் வழுக்கி ஓடினால் எஃகு நல்ல கெட்டி, பொறுமையாகப் போ. வெண்ணெயாக வெட்டினால் யாரோ முன்பே சுட்டுக் கெடுத்திருக்கிறார்கள். கிரைண்டரில் வாய் ஓரம் நீலமாகிவிட்டால் அந்த இடத்தின் பதம் போனதென்று அர்த்தம், அதனால்தான் தொடக்கத்திலேயே தடுத்தேன். இரண்டு பக்கமும் சேர்ந்து 25 டிகிரிக் கோணம் வரட்டும். அட்டையில் அந்த அளவுக்கு ஒரு வெட்டு வெட்டி வைத்துக்கொண்டு சரிபார். இதைவிட மெலிதாக்காதே. உங்கள் ஊர்க் குளிரில் உறைந்த கணுவில் பட்டால் மெல்லிய வாய் சில்லாகப் பெயரும். ஜனவரியில் வெட்டப் போகும் முன் தலையைக் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் வைத்துக் குளிர் தணித்து எடுத்துப்போ.

இனி மரம். நம்மூரில் வெக்காலி, தடசு என்று தேடுவோம். அங்கே ஹிக்கரிதான் முதல்தரம். ஆனால் மெய்னில் தென்கோடியில்தான் கொஞ்சம் உண்டு. வெள்ளை ஆஷ் உனக்குக் கைக்கெட்டும். ஆஷ் மரங்களை ஒரு மரகத நிற வண்டு அழித்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். 2002இல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள், 2018இல் மெய்னுக்கும் வந்துவிட்டது. அதனால் தூரத்திலிருந்து கட்டை கொண்டுவராதே, அதற்குத் தடையும் இருக்கலாம். பக்கத்து மர மில்லில் கேள். நின்றபடியே செத்து வருடமான மரமும் வேண்டாம். நார் உயிர் போய், பிஸ்கட்டாக உடையும். புதிதாக வெட்டியது, பட்டையின் வரி நேராக மேலே போவது, 8, 10 அங்குலக் குறுக்களவு, 3 அடி நீளம். விறகுக்காரர்கள் 16 அங்குலத்துக்குத் துண்டு போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வை. பட்டை முறுக்கிப் போனால் உள்ளே நாரும் முறுக்கு.

அறுக்காதே, ஆப்பு வைத்துப் பிள. ரம்பம் நாரைப் பார்க்காமல் நேராகப் போகும். பிளவு நார் போகும் வழியிலேயே போகும். காம்பு ஒடிவதெல்லாம் நார் பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறுகிற இடத்தில்தான். முனையில் தெரியும் வருட வளையக் கோடுகள் கண்ணின் நீளவாட்டத்தில், வாய் நோக்கிய திசையிலேயே ஓடுவது நல்லது என்பார்கள். சரிதான், ஆனால் நார் நேராக இருந்தால் கோடு கொஞ்சம் சாய்ந்தாலும் தாங்கும். வளையம் மிக நெருக்கமாக இருக்கும் ஆஷ் வேண்டாம். அங்குலத்துக்கு 6 முதல் 15 வரை இருக்கட்டும். ஆஷ், ஹிக்கரி இரண்டிலும் மெதுவாக வளர்ந்த மரம்தான் பலவீனம். வருடா வருடம் முதலில் போடும் துளை நிறைந்த வளையம் அதில் அதிகம்.

பிளந்த துண்டை இரண்டரை அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம், 32 அங்குல நீளம் என்று முரட்டாகச் செதுக்கு. நடுத்தண்டு அதில் வரக் கூடாது. இரு முனையிலும் மெழுகு உருக்கிப் பூசு, இல்லாவிட்டால் முனை வழியாக ஈரம் வேகமாகப் போய் வெடிக்கும். விறகடுப்பு இருக்கும் அறையில், அடுப்பிலிருந்து ஆறேழு அடி தள்ளி, இரண்டு கம்பிமேல் வை. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு எழுது. மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. இப்போது அக்டோபர், பிப்ரவரிக்குள் ஆகிவிடும். அவசரப்பட்டு ஈரக் காம்பைப் போட்டால் அடுத்த மாதமே தலை ஆடும். குளிர்காலத்தில் அடுப்பறைக் காற்றுதான் வருடத்திலேயே மிக வறண்டது. அப்போது பொருத்திய காம்பு கோடையில் உப்பி இன்னும் இறுகும். கோடையில் பொருத்தினால் நேர் எதிர்.

தலை ஆடினால் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஊறிய மரம் உப்பி இரும்புக்குள் நசுங்கும். காய்ந்ததும் முன்னைவிட இளகும்.

செதுக்கும் முன் அகலப் பக்கத்தில் வளைவை அட்டையில் வெட்டி வரைந்துகொள். மற்ற இரு பக்கமும் நடுக்கோடு போடு, கடைசிவரை அதை அழிக்காதே. இருகைப்பிடிக் கத்தியால் வடிவத்துக்குக் கொண்டுவந்து, மரத்துக்கான கரட்டு அரத்தால் முடி. பிடிக்கும் இடம் 7 நூல் கனம், பதினோரு நூல் அகலம் போதும் (அங்குலத்தில் எட்டில் ஒன்றுதான் நூல், மறந்திருப்பாய்). கடையில் விற்கும் காம்பெல்லாம் தடி. மெல்லிய காம்பு லேசாக வளைந்து அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும், மணிக்கட்டு தப்பும். அடிமுனையில் கை வழுக்காமல் இருக்கக் குமிழ் விடு.

கண்ணுக்குள் போகும் நாக்குப் பகுதிக்குத்தான் ஒரு நாள் முழுக்க ஒதுக்கு. கண்ணின் அடிப்பக்க வடிவத்தை நாக்கின் முனையில் வரைந்து, சுற்றிலும் ஒரு நூல் அதிகம் விட்டுச் செதுக்கு. தலையைக் கையால் நுழையும்வரை நுழை. பிறகு காம்பைத் தலைகீழாக, தலை தரையைப் பார்க்க, அந்தரத்தில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் குமிழ் முனையில் கொட்டாப்புளியால் அடி. தலை கனத்தில் அப்படியே நிற்கும், காம்பு அதற்குள் ஏறும். தலையைக் கழற்றிப் பார்த்தால் இரும்பு உரசிய இடம் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பை மட்டும் எடு. மறுபடி நுழை, அடி, கழற்று. பத்துப் பதினைந்து முறையாவது ஆகும். ஒரேயடியாகச் சுற்றிலும் இழைத்துவிட்டால் கீழே இடைவெளி விழும், அதை எந்த ஆப்பும் மூடாது. நாக்கு மேலே இரண்டு நூல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்வரை ஏற்று.

ஒவ்வொரு முறையும் அடிமுனையிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்: வாயும் நடுக்கோடும் ஒரே வரியில் வர வேண்டும். மேசைமேல் வாயும் குமிழும் படும்படி நிறுத்திப் பார்த்தால் வாயின் நடுவோ நடுவுக்குச் சற்றுக் கீழ்ப்புறமோ மேசையைத் தொட வேண்டும். மேல்நுனி தொட்டால் தலை காம்புப் பக்கமாக உள்ளே சாய்ந்திருக்கிறது, நாக்கில் சரிசெய்.

தலையைக் கடைசியாகக் கழற்றும்போது, நாக்கின் நடுவில் நீளவாட்டத்தில் ரம்பத்தால் வெட்டு போடு, கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு. குறைந்தால் ஆப்பு பாதியில் முட்டி நின்று, மேலே இறுக்கமும் கீழே ஆட்டமும் இருக்கும். அதிகமானால் ஆப்பு அடிக்கும்போது வெட்டு தோளை (தலைக்குக் கீழே காம்பு தடிக்கும் இடம்) தாண்டிக் காம்பையே பிளக்கும். ஆப்புக்குப் பாப்லர் எடு. மெத்து மரம், நசுங்கிக் கவ்வும், வழுக்கி வெளியே வராது. கண்ணின் நீளத்துக்குச் சரியான அகலம், தடித்த முனையில் மூன்று நூல், கத்திமுனையாகச் சாய்த்துக்கொள். வெட்டின் அடியை அது தொடக் கூடாது. கொட்டாப்புளியால் சின்னச் சின்ன அடி. ‘மொத் மொத்’ என்றிருந்த சத்தம் ‘டங்’ என்று மாறும்போது நிறுத்து. இன்னொரு அடி என்று ஆசைப்பட்டால் ஆப்பு உடையும். மிச்சத்தை அறுத்து, நாக்கோடு இரண்டு நூல் வெளியே விடு. விரிந்த அந்த உதடு தலையை மேலே கழலவிடாது. இரும்பு ஆப்பு வேண்டாம், நாரைக் கிழிக்கும், அடுத்த முறை கழற்றுகிறவர் சபிப்பார்.

காம்பை 80, 120 உப்புத்தாளோடு விடு, அதற்குமேல் வழவழப்பானால் கையில் நிற்காது. வார்னிஷ் கொப்புளம் கிளப்பும். ஆளிவிதை எண்ணெய் மட்டும்: முதல் பூச்சில் பாதிக்குப் பாதி டர்பன்டைன், பிறகு வெறும் எண்ணெய், நாளுக்கொன்றாக ஐந்தாறு பூச்சு. மேல்முனையும் குமிழும் அதிகம் குடிக்கும், குடிக்க விடு. எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். இதை விளையாட்டாக எடுக்காதே. வெளியே கொடியில் விரித்துக் காயவைத்த பிறகு எறி. முடிந்த கோடாலியை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கவும் கூடாது.

ஆப்பு அடிப்பதற்கு முன் மூன்று படம் அனுப்பு: மேலிருந்து கண், கீழிருந்து தோள், அடிமுனையிலிருந்து நேர்க்கோடு. அடித்துவிட்டால் அந்தக் காம்பைக் கழற்ற வெட்டத்தான் வேண்டும். இங்கே ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, கூப்பிடு.

அன்புடன்,
அப்பா