பழைய வில்லை மாற்றுவதற்கு முன் தராசில் தொங்கவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில் கலப்பு அணிப் போட்டியைச் சேர்த்த பிறகு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வில்வித்தைக்கு இடம் கூடியிருக்கிறது. சந்தோஷம். 2023இல் பெர்லினில் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தளேயும் ஒரே நாளில் உலகச் சாம்பியன் ஆனதையும், கைகளே இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில் பிடித்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதையும் படித்துவிட்டு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் வில் கேட்கிறார்கள். பிள்ளை கேட்டதும் பெற்றவர் கடைக்குப் போகிறார். கடைக்காரர் லட்சத்தில் விலை சொல்கிறார். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய வில் இருந்தால், "அதைத் தூக்கிப் போடுங்க சார்" என்கிறார். அந்தத் தூக்கிப் போடுவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் பயிற்சியாளன் இல்லை. ஓசூர் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சூளகிரி பக்கம் சொந்த ஊர். என் அக்கா மகன் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறான். அங்கே லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, சீசனில் மரத்தின் மேல் பரண் போட்டு உட்கார்ந்து, வில்லால் மான் வேட்டை ஆடலாம். அவன் புது வில் வாங்கியதும் பழையதை என் பையனுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். இருபது வருஷத்துக்கு முந்தைய காம்பவுண்ட் வேட்டை வில். கொடுத்த கையோடு, "பழகுற வரைக்கும் வெச்சுக்கோங்க மாமா, அப்புறம் வேற புது வேட்டை வில் நானே பாத்து வாங்கித் தரேன்" என்றும் சொன்னான். நகரத்துக் கடை ஒன்றிலும் விசாரித்தேன். பத்து வருஷம் தாண்டிய வில்லைத் தொடவே கூடாதாம். காரணம் கேட்டேன். "மாடல் பழசாயிடுச்சு" என்றார்கள். மாடல் பழசானதால் எந்த மெஷினும் உடைந்து நான் பார்த்ததில்லை.

காம்பவுண்ட் வில்லும் ஒரு மெஷின்தான். மிசோரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்ற சாதனம் இது. இரண்டு முனையிலும் மையம் தள்ளிய சக்கரம். அதற்கு கேம் என்று பெயர். இழுக்க ஆரம்பித்ததும் கனம் ஏறும். பாதி தாண்டிய பிறகு சக்கரம் திரும்பிக்கொடுத்து கனம் சட்டென்று இறங்கிவிடும். அதனால்தான் முழுதாக இழுத்தபடி நிதானமாகக் குறி பார்க்க முடிகிறது. இந்த இறக்கம் எங்கள் வில்லில் 65 சதவீதம். இப்போது வரும் வேட்டை வில்களில் 80க்கு மேல். உச்சத்தில் 27 கிலோ கனம் காட்டும் வில்லை முழுதாக இழுத்துப் பிடித்தால் எங்கள் வில்லில் கையில் 9 கிலோ சொச்சம் நிற்கும், புதியதில் 5 கிலோ சொச்சம்தான். புது வில்லுக்கு இது உண்மையான ஆதாயம், மறுக்க மாட்டேன். ஆனால் போட்டிக்குக் குறி வைப்பவர்களில் பலர் கையில் கொஞ்சம் கனம் நிற்பதையே விரும்புகிறார்கள். அம்பு விடும்போது சுத்தமாகக் கழலுமாம்.

புது வேட்டை வில்லின் மற்றப் பெருமைகளெல்லாம் வேடனுக்கானவை. வேகம் என்கிறார்கள். மான் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று வேடன் கண்ணால் மதிப்பிட வேண்டும். மதிப்பு தப்பினாலும் அம்பு அதிகம் தாழாமல் போக அவனுக்கு வேகம் தேவை. நாண் சத்தம் கேட்டு மான் துள்ளுவதற்குள்ளும் அம்பு போய்ச் சேர வேண்டும். காம்பவுண்ட் போட்டியில் குறிப்பலகை சரியாக 50 மீட்டரில் நிற்கிறது. 80 சென்டிமீட்டர் தாள், நடுவில் பத்துப் புள்ளி வட்டம் 8 சென்டிமீட்டர். அது துள்ளாது. எங்கள் வில்லின் அம்புக்கும் புது வில்லின் அம்புக்கும் அந்தத் தூரத்தில் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் வராது.

நீளத்துக்கு வருவோம். மரத்து மேல் கிளைகளுக்கு நடுவே திரும்ப வசதியாக வேட்டை வில்லை வருஷா வருஷம் குட்டையாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்கள் பழைய வில்லில் சக்கரத்து அச்சுக்கும் அச்சுக்கும் இடையே 36 அங்குலம். புதியவை பெரும்பாலும் 30, 33 என்று நிற்கின்றன. போட்டி வில்களோ 37, 40 அங்குலம். நீளமான வில் கையில் ஆடாமல் நிற்கும். ஆக, அக்கா மகன் சொல்லும் புது வேட்டை வில்லைவிட அவன் தூக்கிக் கொடுத்த பழையதுதான் போட்டி வில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது! மாற்றினால் போட்டி வில்லுக்கு மாற்ற வேண்டும், இன்னொரு வேட்டை வில்லுக்கு மாற்றுவது வீண் செலவு. இதை அவனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவும் சரிதான் மாமா" என்றான்.

சரி, பழையது பத்திரமா? இதில் விளையாட்டு கூடாது. காம்பவுண்ட் வில் சும்மா தொங்கும்போதும் இழுவிசையில்தான் இருக்கிறது. ஏதாவது ஒரு பாகம் விட்டுப் போனால் முகத்துக்கு நேரே தெறிக்கும். நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். முதலில் வில்லின் இரு கைகள், அதாவது லிம்ப். பஞ்சு உருண்டையை ஓரங்களில் மெதுவாக ஓட்டினால் மயிரிழை விரிசலில்கூட இழை சிக்கும். சிக்கினால் அந்த வில் சுவரில் மாட்டிவைக்கத்தான். லிம்ப் உட்கார்ந்திருக்கும் குழியையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு சக்கரம் சாய்ந்திருக்கிறதா, அச்சு ஆடுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், பழைய பழக்கம். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விட்டது உண்டா என்று அக்கா மகனிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். இல்லை என்றான். அம்பில்லாமல் விட்டால் அந்த விசை முழுவதும் லிம்புக்கும் சக்கரத்துக்கும் திரும்பி வரும், ஒரே தடவையில் நொறுங்கிய வில்களும் உண்டு. இரண்டாம் கை வில் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

லிம்ப் நல்லபடி இருந்தது. நாணும், சக்கரங்களை இணைக்கும் கேபிளும் நல்லபடி இல்லை. இழை பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, மேலே சுற்றிய நூல் நகர்ந்திருந்தது. கடையில் யாராவது இதைக் காட்டி "மாத்துங்க" என்று சொல்லியிருந்தால் கை கூப்பியிருப்பேன். நாண் என்பது இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய தேய்மானச் சாமான். நாண் போனதற்கு வில்லையே மாற்றுவது டயர் தேய்ந்ததற்கு டிராக்டரை விற்பது மாதிரி.

அடுத்தது கனம். வில்லில் 70 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. உலக வில்வித்தை அமைப்பின் விதிப்படி காம்பவுண்ட் போட்டியில் உச்ச கனம் 60 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. ராயக்கோட்டை தக்காளி மண்டியில் வியாபாரம் செய்யும் சொந்தக்காரரின் டிஜிட்டல் தொங்கு தராசை வாங்கிவந்து உத்தரத்தில் மாட்டி, நாணைக் கொக்கியில் கோத்து, வில்லின் பிடியைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்துப் பார்த்தோம். உச்சத்தில் 31 கிலோ. லிம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டை மேலும் கீழும் ஒரே அளவாகத் தளர்த்தி, அந்த வில்லுக்கு அனுமதித்த சுற்றைத் தாண்டாமல், 27 கிலோவுக்குக் கொண்டுவந்தோம். 60 பவுண்டு என்பது 27.2 கிலோ. அம்பையும் நிறுத்தோம். வில்லின் ஒரு பவுண்டு கனத்துக்கு அம்பு குறைந்தது 5 கிரெயின் எடை இருக்க வேண்டும் என்று கணக்கு, 60 பவுண்டுக்கு 300 கிரெயின், அதாவது சுமார் 19.5 கிராம். அதைவிட லேசான அம்பு, அம்பே இல்லாமல் விடுவதற்குப் பக்கம். இதற்கு நகைக்கடைத் தராசு போதும். கடைக்காரர் சிரித்தாலும் நிறுத்துக் கொடுத்தார்.

கடைசியாக இழுப்பு நீளம், அதாவது நாணை முழுதாக இழுக்கும் தூரம். இதில்தான் பழைய வில் மாட்டிக்கொள்ளும். இப்போதைய வில்களில் பலவற்றில் சின்னத் துண்டு ஒன்றை நகர்த்தினால் போதும், ஆளுக்குத் தக்கபடி நீளம் மாறும். பழையவற்றில் சக்கரத்தையே மாற்ற வேண்டியிருக்கும், கம்பெனி அந்த உதிரியை நிறுத்தியிருக்கும். என் பையனும் அக்கா மகனும் ஏறத்தாழ ஒரே உயரம் என்பதால் பிழைத்தோம். 14 வயதுப் பெண்ணுக்கு இதே வில்லைக் கொடுக்கலாமா என்று காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர் கேட்டார். கூடாது என்றேன். கனமும் சேராது, நீளமும் சேராது. அந்தப் பிள்ளைக்கு வேறு வில்தான். அங்கே வில்லின் வயதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனவே எங்கள் வீட்டில் முடிவு, வில் இருக்கட்டும், நாணும் கேபிளும் மட்டும் புதிது. மாநிலப் போட்டி வரை பையன் போனால் அன்றைக்குப் போட்டி வில்.

ஒரு விஷயம் இடையில் சொல்ல வேண்டும். வில் வந்ததும் ஊரில், "வேடியப்பனுக்கே வில் வந்தாச்சு" என்று கேலி. எங்கள் பக்கம் வில் பிடித்த நடுகல் வீரர்களை வேடியப்பனாகக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். கேலியோடு நின்றால் பரவாயில்லை, "நிலக்கடலைக்கு வர்ற பன்னிய அடிச்சுப் பாக்கலாமா?" என்று இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பன்றித் தொல்லை நிஜம், எனக்கும் கொல்லை இருக்கிறது. ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்று சொல்லும் பட்டியலிலேயே வில்லும் அம்பும் பெயரோடு இருக்கின்றன. அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டு நுழைவதே குற்றம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் நம் வாசலிலேயே இருக்கிறது. வில்லைப் பைக்கில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றும் பையன்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேட்டை அம்பு முனைகளை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னது அதனால்தான்.

இப்போது என் கோரிக்கை. நாண் மாற்ற லிம்பை இரண்டு பக்கமும் சமமாக அமுக்கிப் பிடிக்கும் பிரஸ் வேண்டும். நான் விசாரித்த வரை கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் அது கிடைக்கவில்லை, பெங்களூரு போய்த்தான் மாற்றினோம். எங்களுக்கு ஓசூர் வழியாகப் போவது சிரமமில்லை. அரூர், பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைக்கு? பணமும் நாளும் போகுமே என்று வீட்டிலேயே வைஸில் கடித்து, கயிறு கட்டி அமுக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிட்டர் வேலை தெரிந்த நானே அதைச் செய்யவில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இரண்டு மாவட்ட விளையாட்டரங்கிலும் ஒரு பிரஸ், ஒரு வில் தராசு, அதைக் கையாளத் தெரிந்த ஓர் ஆள் என்று மாதத்தில் ஒரு நாளாவது ஏற்பாடு செய்தால், எத்தனையோ குடும்பம் தேவையில்லாமல் லட்சம் செலவழிப்பது தவிரும். லிம்ப்பில் விரிசல் விட்ட வில்லோடு பழகும் பிள்ளைகளும் தெரியவருவார்கள். ஆளுக்குப் பயிற்சி கொடுப்பது பெரிய காரியமில்லை. நம் மாவட்டத்து ஐடிஐகளில் பிட்டர் படித்த பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பதக்கச் செய்திக்குக் கீழே கொஞ்சம் இடம் ஒதுக்கி இதையும் எழுதுங்கள். பழைய வில்லை மேசையில் வைத்துக்கொண்டு மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும் பெற்றோர் என்னைத் தவிரவும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர்,
சூளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்