எண்ணிக்கைக்குள் அடங்காத ஆய்வு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வாளர்களை, பிறர் தம் கட்டுரைகளில் அவர்களை எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்ற எண்ணிக்கையால் எடைபோடும் இக்காலத்தில், தாவரச் செல்களை ஆராய்ந்த செல்லியலாளர் ஜானகி அம்மாளின் பணியைத் தங்கள் அறிவியல் பக்கத்தில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன். 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. என்னும் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற அவர், கோவையில் கரும்பையும் அதன் காட்டு உறவினங்களையும் கலப்பினம் செய்து ஆராய்ந்தார். பிரிட்டிஷ் செல்லியலாளர் டார்லிங்டனுடன் இணைந்து 1945-இல் அவர் வெளியிட்ட, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் (செல்லுக்குள் மரபுப் பண்புகளைத் தாங்கும் இழை) எண்ணிக்கைத் தொகுப்பு, நெடுங்காலம் கைநூலாக விளங்கியது. அதில் ஒரு தாவரத்தின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுக் கலப்பினப் பணியைத் தொடங்கியவர்கள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டியிருப்பார்களா?

இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் அவர் மக்னோலியா நாற்றுகளின் வளர்நுனியில் கோல்கிசின் என்னும் வேதிப்பொருளை இட்டார். நமது செங்காந்தளிலும் உள்ள அந்தப் பொருள், இரட்டிப்பான குரோமோசோம்கள் இரு செல்களாகப் பிரிந்து செல்லாதபடி தடுத்துவிடுகிறது. இதனால் ஒரே செல்லில் குரோமோசோம் எண்ணிக்கை இருமடங்காகி, இலைகளும் இதழ்களும் தடித்து வளர்ந்தன.

நீலகிரிச் சோலைகளில் பூக்கும் காட்டுச் செண்பகமும் மக்னோலியா பேரினத்தைச் சேர்ந்ததே. இந்த மலையை ஒட்டிய கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை நீர்மின் திட்டத்திலிருந்து காக்க முதுமையிலும் குரல் கொடுத்தவர் அவர். நம் மாவட்டக் கல்லூரிகள் குரோமோசோம்களைக் காட்ட வழக்கமாகப் பயன்படுத்தும் வெங்காய வேர்நுனியோடு நின்றுவிடாமல், நாற்றங்கால்களில் வளர்க்கப்படும் சோலை மரக்கன்றுகளின் வேர்நுனிகளையும் மாணவர்கள் நுண்ணோக்கியில் பார்க்க வழி செய்ய வேண்டும். அதற்கு வனத்துறையும் கன்றுகள் தந்து உதவ வேண்டும்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி