சித்தியை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் இருந்து எழுதுகிறேன். ஏஜெண்டு ஒருவன் ஏமாற்றி வீட்டு வேலைக்கு விற்றுவிட்ட எங்கள் சித்தி ஓமானில் இருந்து திரும்பி வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. கேஸ் ஒரு நிலைக்கு வரட்டும், அதுவரை வெளியில் எதுவும் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால்தான் இந்த நன்றி இவ்வளவு தாமதம். இப்போதும் சித்தி பெயர் இதில் இருக்காது, உதவி செய்த கத்தோலிக்கக் கன்னியர்களின், அதாவது சிஸ்டர்களின் பெயரும் இருக்காது, அது அவர்களே போட்ட கண்டிஷன். "எங்களைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருக்காதே, என்னென்ன பேப்பர் தேவைப்பட்டது என்று எழுது, நாலு பேருக்கு உபயோகப்படும்" என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார். கொஞ்சம் புகழத்தான் போகிறேன் சிஸ்டர், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வேதக்காரர்கள் இல்லை. நெல்லைப் பக்கத்தில் இருந்து தாத்தா காலத்தில் தோல் ஷெட் வேலைக்கு இங்கே வந்த குடும்பம். அதனால் முதல் நன்றி எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இருக்கிற அக்காவுக்கு, புதன்கிழமை தவறாமல் மாகிம் மிக்கேல் சர்ச்சில் நவநாள் ஜெபத்துக்குப் போகிறவர். சித்தியிடம் இருந்து போன் வந்து நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது, "எங்க சிஸ்டர் ஒருத்தர் இந்த வேலையே பாக்குறாங்க, வாங்க போகலாம்" என்று கையோடு கூட்டிப்போனவர் அவர்தான்.

என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சித்தியிடம் ஒரு ஏஜெண்டு, மஸ்கட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, மாதம் 25,000 ரூபாய் என்றான். சித்தி பத்தாவது பாஸ் பண்ணவில்லை, அதனால் பாஸ்போர்ட் இசிஆர் வகை. அந்த வகைப் பாஸ்போர்ட்டில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும், வீட்டு வேலைக்குப் போகிற பெண் என்றால் 30 வயது முடிந்திருக்க வேண்டும், அதுவும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மாதிரியான அரசு அமைப்புகள் வழியாகத்தான் போக முடியும். இவ்வளவையும் தாண்ட ஏஜெண்டு கண்டுபிடித்த வழி துபாய் டூரிஸ்ட் விசா. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லையே. துபாயில் இறக்கி, அல் ஐன் வழியாக எல்லை தாண்டி ஓமானின் புரைமியில் ஒரு ஆபீசில் உட்காரவைத்து, வந்து பார்க்கிறவர்களில் ஒருவர் பணம் கட்டி சோஹார் பக்கம் தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பாஸ்போர்ட் அவர் கையில், போன் அந்த வீட்டம்மா பீரோவில். சமையல், துணி, ஆறு பிள்ளைகள், அதற்கு மேல் அந்த வீட்டுக்காரரின் தங்கை வீடும். சம்பளம் என்று கேட்டால், உன்னை வாங்கின காசு கழியட்டும் என்று பதில்.

கையில் எண்ணெய் கொட்டி கிளினிக்குக் கூட்டிப்போன அன்றுதான் அங்கே இருந்த மலையாள நர்ஸ் ஒருவர், கட்டுப் போடுகிற சாக்கில் கதவைச் சாத்திவிட்டு தன் போனைக் கொடுத்திருக்கிறார். அந்த நர்ஸ் சகோதரிக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அவர் வேலைக்கே உலை வைத்திருக்கக்கூடிய காரியம் அது.

அடுத்து பெரிய சிஸ்டர். போன உடனே, ஏன் போனாள், யாரைக் கேட்டுப் போனாள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். அவர் கேட்டது பாஸ்போர்ட் நகல் முன்பக்கமும் கடைசிப் பக்கமும், டிக்கெட், விசா வந்த வாட்ஸ்அப் மெசேஜ் அழிக்காமல் அப்படியே, ஏஜெண்டுக்குப் பணம் போன ஜிபே விவரம், சித்தி வேலை பார்த்த வீட்டின் லொக்கேஷன், அந்த வீட்டுக்காரரின் போன் நம்பர். இதெல்லாம் இருந்தால்தான் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதிய முடியும், அதில் கிடைக்கிற நம்பரை வைத்துத்தான் மஸ்கட்டில் இருக்கிற நம் தூதரகத்தைத் துரத்த முடியும். ஒரு சின்ன சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடித்தார், தமிழ் வராது, இந்தியில் கேட்டுக் கேட்டு. அவருக்கும் நன்றி, நாங்கள் பேசுகிற பம்பாய் இந்தியைச் சகித்துக்கொண்டதற்குச் சேர்த்து.

என் தம்பிமார் சித்தியின் அழுகையை வீடியோவாகப் போட்டு வைரலாக்க வேண்டும் என்று நின்றார்கள். சிஸ்டர் விடவில்லை. வீட்டுக்காரர் பார்த்தால் முந்திக்கொண்டு போய், வேலைக்காரி ஓடிவிட்டாள் என்றோ திருடிவிட்டாள் என்றோ கேஸ் கொடுப்பார், அப்புறம் வெளியே வருவது இன்னும் கஷ்டம், அந்த வீடியோவும் சித்தியின் ஆயுசு முழுக்க நெட்டில் சுற்றும் என்றார். அந்த நர்ஸிடமும் போனில் பேசி, அவசரப்பட்டு உங்கள் ரூமில் ஒளித்துவைக்காதீர்கள், கேஸ் உங்கள் மேல் திரும்பும், உங்கள் பங்கு ஃபாதரிடம் மட்டும் சொல்லுங்கள் என்று நிதானப்படுத்தினார். ஓமானில் கத்தோலிக்கக் கோயில் ரூவி, காலா, சோஹார், சலாலா என்று நாலே ஊரில். சோஹாரில் ஒன்று இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்தான். அங்கே வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிற ஆட்கள் மஸ்கட்டில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து, நேரில் போய் நின்று கேட்டதில்தான் தூதரகத்தில் எங்கள் பேப்பர் நகர்ந்தது. முகம் தெரியாத அந்தத் தமிழ், மலையாள அண்ணன்மாருக்கும் ஃபாதருக்கும் கும்பிடு.

இப்படி ஊர் விட்டு ஊர் கன்னியர்கள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லி வேலை செய்வதற்கென்றே 'தலித்தா கூம்' என்று ஒரு வலையமைப்பு 2009 முதல் இருக்கிறதாம், இந்தியாவில் அதன் கிளைக்கு 'அம்ரத்' என்று பெயர். அதுவரை எனக்கு கான்வென்ட் என்றால் ஸ்கூல் அட்மிஷன் மட்டும்தான்.

தூதரகத்தில் எங்கள் புகாரைக் கையில் எடுத்த அதிகாரிக்கும் நன்றி. வீட்டுக்காரர் தான் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க, அதைப் புரைமி ஆபீசிடம் வாங்கிக்கொள் என்று சொல்லிச் சொல்லியே அவரை இறங்கிவரவைத்திருக்கிறார்கள். கடைசியில் அவரே சித்தியைத் தூதரகத்தில் விட்டுவிட்டுப் போனார், பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று ஒரு பொய்யோடு. ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லுகிற எமர்ஜென்சி சர்டிபிகேட்டில்தான் சித்தி வந்தார். டிக்கெட் இந்தியச் சமூக நல நிதியில் இருந்து. வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காக எல்லாத் தூதரகங்களிலும் அந்த நிதி இருக்கிறது, கேட்க வேண்டும், கேட்காமல் தானாக வராது.

நடுவில் ஏஜெண்டு வேறு வந்தான். இரண்டு லட்சம் கொடுத்தால் ஒரு வாரத்தில் ஆள் வந்துவிடும் என்றான். நகையை வைத்தாவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பாதிப் பேர். "இவன்தானே வித்தான், அவனுக்கே காசா?" என்று சிஸ்டர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவு சாதுவான மனுஷிக்கு அப்படி ஒரு குரல்!

திரும்பி வந்ததும் போலீஸ். அங்கே ஒருவர், அந்த அம்மா சம்மதித்துத்தானே போனார், யாரும் கையைக் கட்டித் தூக்கிப்போகவில்லையே என்றார். சிஸ்டர் கூட்டி வந்த வக்கீல் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். ஏமாற்றியோ ஆசைகாட்டியோ சுரண்டலுக்காக ஆளைக் கொண்டுபோனால் அது மனித வர்த்தகம்தான், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பது கணக்கிலேயே வராது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவிலும் இப்படியேதான் இருந்ததாம். இதைத் தயவுசெய்து எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், "தானா போனவதானே" என்கிற ஒற்றை வாக்கியத்தில் எத்தனை கேஸ் ஸ்டேஷன் வாசலிலேயே செத்துப்போகிறதோ. எங்கள் புகார் பதிவானது. மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்த நாளில் சித்திக்குக் கை நடுங்க, சின்ன சிஸ்டர் வராந்தாவில் சாயங்காலம் வரை பக்கத்திலேயே இருந்தார்.

சித்தி முன்பு வேலை பார்த்த மாட்டுங்கா வீட்டு மாமிக்குத் தனியாக ஒரு நன்றி. வேறு ஆள் வைத்துக்கொண்டிருந்தவர், சித்தி வந்தது தெரிந்ததும் கை ஆறட்டும், அதுவரை காய் நறுக்க மட்டும் வா என்று கூப்பிட்டுக்கொண்டார்.

சொந்தத்தில் சிலர், மதம் மாற்றிவிட்டார்களா என்று கேட்கிறார்கள். இல்லை. ஒரு பிரசுரம்கூடக் கையில் தரவில்லை. சித்திதான் தானாகக் கேட்டு பிப்ரவரி 8ஆம் தேதி ஜெபத்துக்குப் போனார், அது புனித ஜோசபின் பக்கீத்தா நாள், 2015 முதல் மனித வர்த்தகத்துக்கு எதிரான ஜெப நாளாகவும் வைத்திருக்கிறார்கள். சூடானில் சிறு பெண்ணாக இருந்தபோதே பிடித்து விற்கப்பட்டு, பல கை மாறி, இத்தாலியில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கீத்தா. வெனிஸில் கன்னியர் மடத்தில் இருந்தபோது எஜமானி திரும்பக் கூப்பிட, வரமாட்டேன் என்று மறுத்திருக்கிறார், 1889இல் கோர்ட்டும் இவர் யாருக்கும் அடிமை இல்லை என்று தீர்ப்பு சொன்னது. வீட்டுக்கு வந்து சித்தி எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: "அவங்களும் பிள்ளை பாக்கப் போனவங்கதானாம்டி."

சித்தி இப்போது வீட்டு வேலை செய்பவர்களின் மாதக் கூட்டத்துக்கும் போகிறார். பெல்ஜியத்தில் இருந்து வந்த சிஸ்டர் ஜீன் டெவோஸ் 1985இல் இதே மும்பையில் வீட்டு வேலை செய்பவர்களைச் சேர்த்து ஓர் இயக்கம் ஆரம்பித்தார், அந்தக் கதையை அங்கே கேட்டுவிட்டு வந்து மாமியிடம் வாரத்துக்கு ஒருநாள் லீவு வேண்டும் என்று கேட்டுவிட்டார். மாமிக்கு லேசாக வருத்தம்தான், ஆனால் கொடுத்துவிட்டார்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. புரைமி ஆபீசில் சித்தியோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண் வேலூர்ப் பக்கம், கழுத்தில் கருகமணி, இரண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். எந்த வீட்டுக்குப் போனார் என்று சித்திக்குத் தெரியாது. இப்படி ஓமான் போய் போன் வராமல் இருக்கிற யாரையாவது தெரிந்தால், பாஸ்போர்ட் நகலை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், சிஸ்டரிடம் கூட்டிப்போகிறேன். அவர் சரி என்று சொல்லியிருக்கிறார்.