மோட்டார் கொட்டகை

ஜூன் 2021

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் போட்டால் "சாப்பிட்டேம்ப்பா, ரவுண்ட்ஸ் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

12ஆம் தேதி மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். நம் வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. போர் தண்ணீரை வைத்தே குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. சாப்பிடுகிறாயா? மூக்குத் தண்டில் மாஸ்க் அழுத்திய இடம் கறுத்துவிட்டது, தேங்காய் எண்ணெய் தடவச் சொல் என்கிறாள் அம்மா. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. போன மாதம் சென்னையில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதை டிவியில் பார்த்துவிட்டு உன்னைக் கேட்டேன். "பழகிடுச்சுப்பா" என்றாய். லட்சுமி போட்ட கன்று செத்தபோது நாலு நாள் சோறு இறங்காத பெண் நீ.

தூங்கு. 104க்குப் போட்டால் மனசுவிட்டுப் பேச ஆள் இருக்கிறார்களாம். டாக்டர்களும் பேசலாம்தானே? சும்மா கேட்டேன். பெரியப்பா மாதிரி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு.

ரேஷன் கடையில் "கோவிட் வார்டு டாக்டரோட அப்பா" என்று முன்னால் விடுகிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ ஊருக்கு வந்து பதினோரு மாதம். சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். நானும் அதையே சொல்கிறேன்.

போன ஜூலையில் ஏழு நாள் டியூட்டி, ஏழு நாள் ஹோட்டலில் தனிமை, டெஸ்ட் நெகட்டிவ், இ-பாஸ் எல்லாம் முடித்துத்தான் வந்தாய். தெருவில் நாலு பேர் பேசினார்கள் என்று உன்னை மோட்டார் கொட்டகையில் படுக்கச் சொன்னேன். டாக்டர்களுக்காகக் கைதட்டச் சொன்ன அந்த மார்ச் 22ஆம் தேதி சாயங்காலம் 5 மணிக்கு, தெருவிலேயே பலமாகத் தாம்பாளம் தட்டியவன் நான்தான். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்ட இலையை நீயே வரப்போரம் புதைத்தாய். மண்வெட்டிப் பிடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுவரில் சாத்தினாய். களத்துமேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம், நீயாகக் கேட்டுத்தான் அங்கே படுத்தாய் என்று சொல்லி வைத்திருந்தேன். நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். இன்னும் என்னோடு பேசவில்லை.

உன் கட்டிலைக் கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே போட்டிருக்கிறேன். தஞ்சாவூர் வரை வந்துவிடு. எந்நேரமானாலும் வண்டியோடு வந்து நிற்பேன்.

அப்பா