பல் மருத்துவமனையில் பையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என டெல்டா ஊர்களில் பல் மருத்துவமனைப் பலகைகளில் லேசர், டிஜிட்டல் எக்ஸ்ரே என்றெல்லாம் எழுதுகிறார்கள். நல்லதுதான், டிஜிட்டல் சென்சாருக்குப் பழைய ஃபிலிமைவிடக் குறைந்த கதிர்வீச்சு போதும். ஆனால் முதலில் விசாரிக்க வேண்டியது, கருவிகளை அழுத்த நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தைப் பற்றி.

கொதிநீரும் ஸ்பிரிட்டும் ஸ்போர்களை, அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் கிருமிகளை, கொல்லாது. நீராவி 134 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 நிமிடம், 121 டிகிரி என்றால் 15 நிமிடம் நிற்க வேண்டும். உலர்த்தும் நேரம் தனி. இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கருவிகளை உள்ளே வைத்து மூடி ஆட்டோகிளேவில் வைக்கும் பையை ஈரத்தோடு வெளியே எடுத்தால், நனைந்த காகிதம் வழியே கிருமி உள்ளே இறங்கிவிடும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. கடலோர நாகைப் பகுதியின் உப்புத் தண்ணீரை ஊற்றினால் ஹீட்டரில் உப்புப் படிந்து இயந்திரம் கெடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே சரி.

பையிலுள்ள குறி நிறம் மாறினால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம். கிருமி செத்ததா என்பதை வாரந்தோறும் செய்யும் ஸ்போர் சோதனை சொல்லும்.

பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் நிற்கும்போது எச்சிலை உள்ளே இழுக்கும். மேலே துடைத்தால் போதாது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20 முதல் 30 விநாடி தண்ணீர் ஓடவிட்டு, கழற்றி ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். பையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். ஒழுங்காகச் செய்பவர் கோபிக்க மாட்டார்.

— பல் மருத்துவக் கருவிப் பராமரிப்பாளர்கள்,
தஞ்சாவூர்