அந்த ஊதா கவுன்

பாப்பாக்கு,

நேத்து வீடியோ கால்லயும் நீ நைட்டி மேல போடுற அந்த ஊதா கவுன்ல தான் இருந்த, போன வாரமும் அதே. அங்க மத்தியானம் ஒன்றரைன்னு நீயே சொன்ன. குளிர் ஊர்ல அப்படித்தான் இருப்பாங்கன்னு அப்பா சொல்றார், நானும் ஒண்ணும் கேக்கல. குட்டிக்கு சளி விட்டுச்சா? தேன் குடுத்துடாத, ஒரு வயசு ஆகட்டும்.

உன் அலமாரிய தூசி தட்டுறப்ப கேட் ஷோபினோட அவேக்கனிங் கிடைச்சுது, 1899ல வந்த நாவல், உன் எம்.ஏ. பென்சில் குறிப்போட அப்படியே இருக்கு. மூணாவது அத்தியாயத்துல கதாநாயகி எட்னா கண்ண தொடைக்கிற எடத்துல பெய்ன்வார்ங்கிற வார்த்தைக்கு, அதான் உன்னோடத மாதிரி நைட்டி மேல போடுற கவுன், கோடு போட்டு, ஃப்ரெஞ்ச்ல தலை சீவுறதுங்கிற சொல்லுலேந்து வந்தது, சீவுறப்ப மேல போட்டுக்குற துணின்னு எழுதிருக்க. 1915ல அமெரிக்க கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் எழுதின கவிதைலயும் முதல் வரிலயே அதே உடுப்பு, ஞாயித்துக்கிழமை வெயில்ல நிம்மதியா லேட்டா காபி, ஆரஞ்சுன்னு குறிச்சிருக்க. எவ்ளோ படிச்ச பொண்ணு நீ, தலைய மட்டும் சீவ மாட்டேங்குற.

அந்த அத்தியாயத்துல ராத்திரி பதினோரு மணிக்கு எட்னாவோட புருஷன் வர்றான், தூங்குறவள எழுப்பி பையனுக்கு காய்ச்சல்ங்குறான், காய்ச்சல் இல்லன்னு அவளுக்கு தெரியும், ஆனாலும் பிள்ளைய பாத்துக்க தெரியாதவன்னு திட்டிட்டு அவன் சுருட்டு குடிச்சு தூங்கிடுறான். இவ வெளிய நாற்காலில ஆடிக்கிட்டே அழுறா, பெய்ன்வார் கை முழுக்க நனைஞ்சு இனிமே தொடைக்கவே முடியாத அளவுக்கு. கொஞ்ச நாள்ல அவன் தின்பண்டம் பெட்டில அனுப்புறான், எல்லாரும் இவன மாதிரி புருஷன் உண்டாங்குறாங்க.

அங்க புத்தகத்த மூடி வெச்சுட்டேன் பாப்பா. ஆடி மாசம் நீ விடியக்காலைல போன் பண்ணி குட்டிக்கு காய்ச்சல்னு எனக்கு தெரியலையாம் அம்மா, நான் அம்மாவே இல்லையாம்னு சொன்னப்ப, மாப்பிள்ளை சொல்றதும் சரிதானே, நீ கொஞ்சம் கவனமா இருன்னேன். நீ சரிம்மான்னு வெச்சுட்ட. அதுக்கப்புறம் நீ என்கிட்ட அழவே இல்ல. நான் தான் தப்பு பண்ணேன். முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்தினவ, எம் பொண்ணு குரல படிக்க தெரியல எனக்கு.

குட்டி தூங்கினதும் கூப்பிடு, எந்நேரமானாலும் சரி. நான் மாப்பிள்ளை பக்கம் பேச மாட்டேன், நடுவுல புத்தி சொல்ல மாட்டேன். விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு மட்டும் அனுப்பு, நான் வந்து உனக்கு தலை சீவி விடுறேன்.

அம்மா