துருவத்துக்குச் சொந்தக் கப்பல் வேண்டும்

ஆசிரியருக்கு,

அண்டார்டிகாவில் அமையவுள்ள இந்திய ஆய்வு நிலையமான 'மைத்ரி-2' பற்றிய தலையங்கம் படித்தேன். அங்கே 1989 முதல் இயங்கும் மைத்ரி நிலையத்துக்கு மாற்று தேவைதான். ஆனால், 1981-இல் நார்வேயின் 'போலார் சர்க்கிள்' கப்பலில் முதல் குழுவை அனுப்பிய நாம் இன்னும் வாடகைக் கப்பலை நம்பியிருப்பது வேதனை. கோடையின் சில மாதங்களுக்குள் எல்லாச் சரக்கும் இறங்கியாக வேண்டிய இடம் அது.

சொந்தக் கப்பல் கட்ட கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம் 2025-இல் நார்வே நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. சரி, கைத்தொழில் தெரிந்தவர்கள் வேண்டாமா? மும்பைக் கப்பல் தளமொன்றில் வெல்டராக இருந்தவன் நான். தடித்த தகட்டைச் சரியாகச் சூடேற்றாமல் பற்றவைத்தால் விரிசல் விழும். வெட்டியெடுத்து மறுபடி பற்றவைப்போம். பனிக்கடல் எஃகில் இளம் வெல்டர்களுக்கு அரசு இப்போதே பயிற்சி தொடங்க வேண்டும்.

- செ. முருகேசன், தாராவி, மும்பை